கேட்க மட்டும் ஏறுகிறவர்

ஜெயங்கொண்டத்துக்குக் கடல் கிடையாது. அலை பார்க்க வேண்டுமென்றால் சிதம்பரம் தாண்டிப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போக வேண்டும். ஆனாலும் கடல் எங்கள் ஊருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குக் கரி ஏற்றிப் போகிற லாரி டீக்கடை முன்னால் நிற்கும்போது, எங்கிருந்து என்று டிரைவரைக் கேட்டால், “காரைக்கால் ஹார்பர்” என்பார். எங்கள் காலுக்குக் கீழேயே பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. 1990களில் அதற்காக நிலமெல்லாம் எடுத்தார்கள், தோண்டவில்லை. அது தனிக்கதை. இப்போது வெளிநாட்டுக் கரி கப்பலேறி, கொள்ளிடம் தாண்டி வருகிறது. அதைக் கொண்டுவந்த கப்பலில் இருபது, இருபத்திரண்டு பேர் வேலை பார்த்திருப்பார்கள். அதில் எத்தனை பேர் காரைக்கால் மண்ணில் கால் வைத்திருப்பார்கள்?

இந்தக் கேள்வி எனக்குத் தானாக வரவில்லை. பக்கத்துத் தெருவில் பட்டுத்தறி போட்டிருக்கும் ஒரு வீடு. அந்த வீட்டுப் பையன் பத்தாவது முடித்து, ஜி.பி. ரேட்டிங் என்கிற ஆறு மாத மாலுமிப் பயிற்சி எடுத்து, சி.டி.சி. என்கிற மாலுமிப் புத்தகம் வாங்கி, டெக்கில் கடைநிலை வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் அவன் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“தம்பி, நீங்க பத்திரிகையில எழுதறவங்க, சொல்லுங்க. அவன் கப்பலு மெட்ராஸுக்கு வந்து நின்னுச்சாம். ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலம் போயிருப்பேன். வராதம்மா, எறங்க நேரமில்ல, உள்ள உன்னைய விடவும் மாட்டாங்கன்னுட்டான். புள்ள வேலைக்குப் போயிருக்கானா, ஜெயிலுக்குப் போயிருக்கானா?”

என்னிடம் பதில் இல்லை. பதில் தெரிந்தவர்களைத் தேடித்தான் சென்னைத் துறைமுகத்துக்குப் போனேன்.

ராஜாஜி சாலையில் பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் ஆயிரம் தடவை நடந்திருப்போம். மதிலுக்கு உள்ளே நுழைவது வேறு காரியம். 2004 ஜூலை 1-இல் உலகம் முழுக்கத் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் இறுகின. அதற்குப் பிறகு பாஸ், அடையாள அட்டை இல்லாமல் எவரும் உள்ளே போக முடியாது. கூடவே ஹெல்மெட், ஒளிரும் சட்டை, இரும்பு முனை ஷூவும் வேண்டும். முறைப்படி அனுமதி வாங்கி, கப்பலேறி மாலுமிகளைப் பார்த்து வரும் ஷிப் விசிட்டர் ஒருவரின் பின்னால் ஒட்டிக்கொண்டேன். தூத்துக்குடிக்காரர். கப்பலில் டெக் ஆட்களின் மேஸ்திரியான போசனாக இருந்து, முட்டிவலியோடு கரை ஒதுங்கியவர். இப்போது ஒரு கிறிஸ்தவ அமைப்பின் சார்பில் நாள்தோறும் கப்பல் கப்பலாக ஏறி இறங்குகிறார். வேன் ஓட்டுவதும் அவரே.

இந்த வேலைக்கு வயது அதிகம். மிஷன் டு ஸீஃபேரர்ஸ் 1856-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. கத்தோலிக்கர்களின் ஸ்டெல்லா மாரிஸ் 1920-இல் கிளாஸ்கோவில் வேறு பெயரில் பிறந்தது. இரண்டும் இன்று உலகத் துறைமுகங்கள் பலவற்றில் வேலை செய்கின்றன. கடவுளைச் சொல்லப் போகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம், நானும் பாதி அப்படித்தான் எதிர்பார்த்தேன். தூத்துக்குடி அண்ணன் பையைத் திறந்து காட்டினார். வைஃபை தரும் சின்னக் கருவி, அதற்குப் பவர் பேங்க், ஊறுகாய்ப் பாக்கெட், காலண்டர், பல மொழிகளில் அச்சிட்ட உதவி எண் அட்டை, கம்பளிக் குல்லாய். சித்திரை வெயிலில் கம்பளிக் குல்லாயா?

“வெளிநாட்டுல வயசான அம்மாக்கள் பின்னி அனுப்புறாங்க தம்பி. இந்தக் கப்பல் அடுத்து கொரியா போனா? அப்ப என்னைய நெனைப்பான்.”

கேங்வே ஏணி நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தது. சரக்கு ஏற ஏற, தண்ணீர் ஏறி இறங்க, அது தானும் ஆடிச் சாயும். கீழே வலை கட்டியிருக்கும். பையைத் தோளில் மாட்டி, இரண்டு கையும் கம்பியில் வைத்து ஏற வேண்டும். மேலே காவல் நின்ற மியான்மர் பையன் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினான். அண்ணன் அவனிடம் முதலில் கேட்டது ஒன்றுதான்: “வீட்டுல பேசினியா?” உடைந்த ஆங்கிலத்தில்தான். பையன் சிரித்தான்.

ஏறி முடித்ததும் அண்ணன் சொன்னார்: “கப்பல்ல ஏறுற ஒவ்வொருத்தனும் எதையாவது வாங்கத்தான் ஏறுவான். ஏஜென்ட் கையெழுத்து வாங்குவாரு. கஸ்டம்ஸ்காரங்க கணக்கு வாங்குவாங்க. சர்வேயர் கொறை கண்டுபிடிப்பாரு. நாம மட்டும்தான் சும்மா போறோம். அந்தச் சும்மாதான் நம்ம வேல.”

சும்மா இல்லை என்பது மெஸ் ரூமில் தெரிந்தது. டீ வரும்வரை அண்ணன் நோட்டீஸ் போர்டு முன்னால் நின்றார். விளையாட்டுச் செய்தி படிப்பவர் மாதிரி நின்றுகொண்டு, கப்பல் கைவிடப்பட்டால் ஊழியர்களுக்குப் பணம் தரப் பொறுப்பேற்றிருக்கும் காப்பீட்டுச் சான்றிதழின் முடிவுத் தேதியைப் பார்த்தார். அதை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. அடுத்தது சமையலறை. கேப்டனிடம் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கும், குக்கிடம் கேட்டால்தான் கப்பல் தெரியும் என்பது அவர் கணக்கு. பச்சைக் காய்கறி எப்போது ஏறியது, குடிதண்ணீர் என்ன நிறம், அரிசி எத்தனை நாளைக்கு வரும்? எதையும் நேராகக் கேட்பதில்லை. சமையலைப் பாராட்டிக்கொண்டே கேட்கிறார். டெக்கில் வேலை செய்பவனிடம் தூக்கத்தைப் பற்றிப் பேச்செடுக்கிறார். இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேர ஓய்வு என்று சட்டம். ஏட்டில் அந்தப் பத்தும் அழகாக நிரம்பியிருக்கும், கண் வேறு சொல்லும்.

அந்தக் கப்பலில் குறை பெரிதாக இல்லை. சம்பளம் மாதா மாதம் வருகிறது, சோறு இருக்கிறது. ஆனால் மெஸ் ரூமில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பிலிப்பைன்ஸ்காரர் நால்வர், நம் நாட்டுக்காரர்கள் சிலர், எல்லோரும் அவரவர் போனில். முன்பெல்லாம் விசிட்டர் ஏறினால் சிம் கார்டுக்கு வரிசை நிற்குமாம். இப்போது செயற்கைக்கோள் இணையம் நடுக்கடலுக்கே வந்துவிட்டது. கப்பலில் இணைய வசதி தர வேண்டும் என்று சர்வதேச விதியும் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் மகளுக்குக் காய்ச்சல் என்ற செய்தி அடுத்த நொடியே வருகிறது, ஊருக்குப் போக மட்டும் ஐந்து மாதம் ஆகும். முன்பு கடிதம் வந்து சேர்வதற்குள் காய்ச்சல் இறங்கியிருக்கும். இதற்கு என்ன மருந்து என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. “பேச விட்டுட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கறதுதான்” என்றார்.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஷாம்பூ, பனியன், உருளைக்கிழங்கு சிப்ஸ். சாலையைக் கடந்தால் பர்மா பஜார், ஐந்து நிமிட நடை. ஆனால் வெளியே போக அனுமதிச் சீட்டு, வாசலில் சோதனை, டாக்ஸிக்காரரின் வாய்க்கு வந்த வாடகை. எல்லாம் முடிவதற்குள் சரக்கு முடிந்து, கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட் ஏறிவிடுவார். ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாக இறக்கும்போது கப்பல் வாரக்கணக்கில் நின்றது, மாலுமிகள் சினிமா பார்த்தார்கள், கால்பந்து ஆடினார்கள். கன்டெய்னர் கப்பல் இப்போது ஒருநாள் நிற்பதே அதிகம். துறைமுகங்கள் வேகத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. அந்த வேகம் யாருடைய நடையிலிருந்து கழிக்கப்பட்டது என்று எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. நான்கு பேருக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒருவர் எதுவும் வாங்கவில்லை. பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

கரையில் இறங்குவது சலுகையா, உரிமையா? உரிமை என்றுதான் ஏட்டில் இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-இல் உருவாகி 2013-இல் அமலுக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. கரையில் நலவசதிகள் இருக்க வேண்டும், எந்த நாட்டவராக இருந்தாலும் மாலுமிகள் பயன்படுத்த முடிய வேண்டும் என்கிறது அது. விசா இல்லாமலே மாலுமி கரையிறங்க உதவுவதற்காக உடல் அடையாளம் பதித்த அட்டை ஒன்றும் வந்திருக்கிறது, அதில் முக அடையாளத்தை முதலில் பதித்த நாடு இந்தியாதான். அட்டை தயாராகிவிட்டது. நேரம்தான் கிடைப்பதில்லை.

நலம் என்றால் ஷாம்பூ வாங்கிக் கொடுப்பது என்று நினைத்துவிடக் கூடாது. 2012 அக்டோபர் 31-ஐ சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீலம் புயலில் ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் எலியட்ஸ் கடற்கரைக்கு அருகே தரைதட்டியது. அதில் 37 பேர். புயலுக்கு முன்பே நங்கூரத்தில் கிடந்த கப்பல் அது. சம்பளம் பாக்கி, எரிபொருளும் உணவும் தண்ணீரும் தட்டுப்பாடு என்று உள்ளே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். இறக்கிய உயிர்காப்புப் படகு கவிழ்ந்தது. மீனவர்கள் அலைக்குள் போய்ப் பலரைக் கரை சேர்த்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்கள் பெசன்ட் நகரில் கப்பல் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. மிளகாய் பஜ்ஜி நன்றாக விற்றது. முந்தைய வாரங்களில் அதே கப்பல் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தது. அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்கு ஏணியும் இல்லை, விசிட்டரும் இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை. படகு பிடித்துப் போக யார் பணம் தருவார்கள்?

மறு வருஷம் அக்டோபரில் தூத்துக்குடியில் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ பிடிபட்டது. கடற்கொள்ளையைத் தடுக்க ஆயுதக் காவலர்களை வைத்திருந்த கப்பல். பிரிட்டன், எஸ்தோனியா, உக்ரைன், இந்தியா என 35 பேர் கைதானார்கள். 2016 ஜனவரியில் ஐந்து ஆண்டுத் தண்டனை, 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விடுதலை. அந்த நான்கு வருஷமும் மிஷனின் ஆட்கள் அவர்களைப் பார்த்து வந்தார்கள், அவர்கள் வீடுகளோடு தொடர்பில் இருந்தார்கள். வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், சிறைக்குப் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா.

கைவிடுதலுக்கு இப்போது சட்டத்தில் இலக்கணம் உண்டு. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே முதலாளி கைவிட்டதாகக் கொள்ளலாம். நான்கு மாதச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு பொறுப்பு. 2017 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024-இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் கைவிடப்பட்டார்கள். நாடு வாரியாகப் பார்த்தால் இந்தியர்களே அதிகம். முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு. கடலே இல்லாத மங்கோலியாவின் கொடிகூடக் கப்பலில் பறக்கிறது. யாரைப் பிடிப்பது?

இங்கேதான் அண்ணன் என்னைத் திருப்பிப் பிடித்தார். “கைவிட்ட கப்பல்லேருந்து போன் வந்தா நான் மொதல்ல கேக்கறது, ஒப்பந்தக் காகிதம் வீட்டுல இருக்கா. பாதிப் பேரு வீட்டுல இருக்காது. எந்தக் கம்பெனி, எந்த லைசன்ஸ், ஒண்ணும் தெரியாது. ஏஜென்டுக்கு நகையை அடகு வெச்சுக் கொடுத்திருப்பாங்க. ஏணியில நான் ஏறுறப்ப காரியம் முத்திப் போயிருக்கும். உங்க ஊர்ல யாராவது முன்னாடியே இதைச் சொல்லணும்.”

சொல்லித் தந்ததைக் குறித்துக்கொண்டேன். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் வேண்டும். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். வேலை வாங்கித் தரப் பணம் கேட்பதே சட்டவிரோதம். ஒப்பந்தம், சி.டி.சி., பாஸ்போர்ட் நகல் மூன்றும் வீட்டில் இருக்க வேண்டும். கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணையும் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பெயரும் கொடியும் மாறும், அந்த ஏழு இலக்கம் மாறாது.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் கடற்பயணத்துக்கு ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினார்கள். பிரதமரும் வந்தார். வழியெல்லாம் வளைவு, கப்பல் படம். கடாரம் கொண்டான் என்ற பெயர் அரசனுக்குக் கிடைத்தது. பாய் இழுத்தவர்கள் எந்தக் கரையில் இறங்கினார்கள், யார் வீட்டுக்குச் செய்தி சொன்னார்கள் என்று மெய்க்கீர்த்தியில் இடமில்லை. கோயிலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிற தறிவீட்டில் ஒரு தாய் அதே செய்திக்குத்தான் காத்திருந்தார்.

ஊர் திரும்பி அவரிடம் போனேன். ஜெயில் இல்லை அக்கா, ஆனால் வெளியே விடவும் நேரமில்லை என்றேன். காகிதங்களைக் கேட்டேன். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாம் இருந்தது, ஒப்பந்தத்தைத் தவிர. பையன் அன்று இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். உரிம எண் இருந்தது, இணையதளத்தில் பெயரும் இருந்தது. “நல்ல கம்பெனியா தம்பி?” என்றார். இருக்கிற கம்பெனி என்று சொல்லி வைத்தேன்.

நகல் எடுக்கப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கப்பல் வேலையா சார்? எங்க மச்சான் பையனுக்கும் ஒண்ணு வந்திருக்கு. ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கேக்கறாங்க” என்று போனை நீட்டினார். நங்கூரம் போட்ட விளம்பரம், ஒரு செல் நம்பர். உரிம எண் இல்லை. கேட்டுப் பாருங்கள் என்றேன். அங்கேயே ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் ஒரு கனிவான குரல்: “நம்பர்லாம் அப்புறம் அனுப்புறேன் சார். மொதல்ல பாஸ்போர்ட்டையும் அட்வான்ஸையும் போட்டு விடுங்க.”

கடைக்காரர் போனை வைத்தார். நான் குறித்து வைத்திருந்த தாளை என் கையிலிருந்து வாங்கி மெஷினில் வைத்தார்.

“பத்து காப்பி போட்டுக்கறேன் சார். இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு மூணு பசங்க கேட்டுக்கிட்டிருக்கானுங்க.”