ஞாயிற்றுக்கிழமைச் சோறு

மண்ணூரில் நாங்கள் குடியிருந்த வரிசையில் பதினோரு அறைகள். ஒரு அறைக்கு நாலு பேர், சிலதில் ஆறு பேர். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன், ஏ ஷிப்ட்டுக்கு எழுந்து போனவனின் பாயில் அப்படியே சுருண்டுகொள்வான். அரியலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, அதற்கும் அப்பால் ஒடிசா, பீகார் என்று பல ஊர்ப் பையன்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளியே வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து நிலமெல்லாம் வாடகை அறைகளாக முளைக்க ஆரம்பித்துவிட்டது என்பார் ஹவுஸ் ஓனர். அவருடைய அறைகளும் ஒரு காலத்தில் வேர்க்கடலைக் கொல்லைதான்.

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். 2018-ல் எனக்கும் அறையில் இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் ஸ்டார்ட்டப் ஆசை பிடித்துக்கொண்டது. ராத்திரி ரூமுக்கு வருகிற பசங்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, அதற்கு ஒரு ஆப். இதுதான் ஐடியா. சமைக்க, பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை போட்டிருந்த அக்காவைப் பிடித்தோம்.

முதலில் சந்தையைப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தோம். கூகுள் ஃபார்ம் ஒன்று தயாரித்து வாட்சாப்பில் சுற்றுக்கு விட்டோம். 132 பேர் நிரப்பினார்கள். அதில் 118 பேர் ‘கண்டிப்பாக வாங்குவேன்’ என்று டிக் அடித்திருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பரோட்டா வாங்கிக் கொண்டாடினோம். நாலு மாதம் கழித்து, கையிலிருந்த 1,40,000 ரூபாயில் பெரும்பகுதியை ஆப்புக்குக் கொடுத்துத் தீர்த்தபிறகு கடையைத் திறந்தோம். திங்கட்கிழமை 14 ஆர்டர். வெள்ளிக்கிழமை 3.

ஃபார்மில் டிக் அடித்த ஒரு தம்பியைத் தண்ணீர்க் குழாயடியில் மடக்கிக் கேட்டேன். “ஏன்டா, கண்டிப்பா வாங்குவேன்னு போட்டியே?”

“நீங்க அனுப்புனீங்கண்ணே. வாங்க மாட்டேன்னு எப்படிப் போடுறது?”

அவன் என்னை ஏமாற்றவில்லை. எனக்கு மரியாதை கொடுத்திருக்கிறான். நம் ஊரில் கேள்வி கேட்கிறவன் முகம் வாடக்கூடாது. கல்யாணப் பந்தியில் “சாம்பார் எப்படி?” என்று கேட்டால் என்ன பதில் வருமோ, அதே பதில்தான் அந்த 118-ம்.

கோவை அருணாசலம் முருகானந்தத்துக்கும் இதேதான் நடந்தது. 1998-ல் திருமணமான புதிதில், மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்துவிட்டு, மலிவான நாப்கின் செய்ய இறங்கியவர் அவர். முதலில் செய்த பஞ்சு நாப்கின் சரியாக இல்லை என்று மனைவி சொல்லிவிட்டார். அடுத்த அபிப்பிராயத்துக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினோடு கருத்துப் படிவங்களையும் கொடுத்தார். திரும்பப் போய்ப் பார்த்தால், எல்லோருக்குமான படிவங்களைச் சில மாணவிகளே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, இடுப்பில் கட்டிக்கொண்டு, தானே நாப்கின் அணிந்து சைக்கிளில் திரிந்தார். நாப்கினுக்குள் இருப்பது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே சில வருடங்கள் ஆயின. 2016-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்தக் கதையில் எல்லோரும் ஆட்டு ரத்தத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு நெருக்கமானவை அந்தப் பொய்ப் படிவங்கள்.

எரிக் ரீஸ் 2011-ல் எழுதிய ‘தி லீன் ஸ்டார்ட்டப்’ புத்தகமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. பெரிதாகக் கட்டி முடித்துவிட்டு ஆள் தேடாதே. சின்னதாக ஒன்றைச் செய், ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று அள, தப்பென்றால் திசையை மாற்று. எங்கள் அறையில் அதன் பிடிஎஃப்பை ஆளுக்கு இரண்டு முறை படித்திருந்தோம். அதைவிடப் பெரிய வெட்கம் வேறொன்று. அந்த ‘லீன்’ என்ற வார்த்தை மென்பொருள் ஆட்களுடையதே அல்ல, எங்களுடையது. ஜப்பானில் டொயோட்டா கார் செய்யும் முறைக்கு 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் அது. அந்த முறையை வளர்த்த தாயிச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, மேலதிகாரியை அதற்குள் நிற்கவைத்து, “பார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். சில மணி நேரம் கழித்து வந்து, என்ன பார்த்தாய் என்று கேட்பார். இந்தக் கதையை எங்கள் ட்ரெய்னிங் ஹாலில் புது ஆட்களுக்குச் சொல்வதே நான்தான். லைனில் ரிஜக்‌ஷன் வந்தால் மேஜையில் உட்காராதே, மெஷின் பக்கத்தில் போய் நில் என்று பாடம் எடுத்தவன், சொந்தக் காசைப் போடும்போது மட்டும் ஃபார்ம் அனுப்பியிருக்கிறேன்.

அதன்பிறகு நின்றேன். இரண்டு வாரம், ஷிப்ட் முடிந்த நேரமெல்லாம் எங்கள் வரிசையின் மூலையில். தெரிந்தது இவ்வளவுதான். கம்பெனி நாளில் எவனுக்கும் சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை. ஒருவேளை கேன்டீனில் முடிந்துவிடும். ஓ.டி. போட்டால் இன்னொருவேளையும் அங்கேயே. ராத்திரிக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு குக்கர் சாதம், ஆளுக்கொரு முட்டை. எங்கள் 60 ரூபாய்ச் சாப்பாடு அந்த முட்டையை ஜெயிக்க வழியே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் கிடையாது. மெஸ்ஸும் மூடியிருக்கும். பதினோரு மணிக்கு எழுந்து, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கறி சாப்பிட ஏங்கிக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆப்பைத் தூக்கிப் போட்டோம். ஒரு கோடு போட்ட நோட்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு அறையாகப் போய், “நாளைக்குக் கோழிக்குழம்பு சாப்பாடு, 90 ரூபாய். இப்போ 20 ரூபாய் அட்வான்ஸ்” என்றோம். வாங்குவாயா என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்த முதல் சனிக்கிழமை 37 பேர் இருபது ரூபாயை எடுத்து நீட்டினார்கள். அந்த அழுக்கு நோட்டுகளில் மரியாதை, முகதாட்சண்யம் எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

மறுநாள் மிச்சத்தையும் வசூலித்துக்கொண்டு அக்காவிடம் ஓடினோம். கண்டுபிடித்துவிட்டோம் அக்கா, இனிமேல் ஞாயிறு மட்டும்தான் என்றோம். அவர் அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“அப்ப மீதி ஆறு நாளு?”

எங்கள் மூன்று பேரிடமும் பதில் இல்லை. எங்களுக்காகத்தான் அவர் இட்லிக் கடையை நிறுத்தியிருந்தார். ஏலச்சீட்டை நிறையத் தள்ளி எடுத்து, பெரிய அண்டாவும் அடுப்பும் 11,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். எங்கள் எக்ஸெல் ஷீட்டில் ‘சமையல் செலவு’ என்று இருந்த வரியில் ஏழு என்பதை ஒன்று என்று மாற்றினோம். அதற்குப் பிவட் என்று பெயர்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “ஞாயித்துக்கெழம இந்தப் பசங்க பட்டினி கெடக்குறது எனக்குத் தெரியாதா தம்பி? என் கடைக்குத்தான் வந்து, ‘இட்லி மிச்சமிருக்கா அக்கா’ன்னு நிப்பானுங்க. நீங்க கேக்கவே இல்லியே. சமைக்க முடியுமான்னுதான கேட்டீங்க.”

132 பேருக்கு ஃபார்ம் அனுப்பிய நாங்கள், அந்தப் பசங்க தினம் போய் நிற்கும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சீக்கிரம் தோற்றுப்போ, தோற்றால்தான் கற்றுக்கொள்வாய் என்று ஸ்டார்ட்டப் உலகத்தில் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் கற்றுக்கொள்கிறவனும் தோற்கிறவனும் ஒரே ஆளாக இருக்கிறவரைக்கும்தான் அது சரி. முருகானந்தம் அந்த ரப்பர் பையைத் தன் இடுப்பில்தான் கட்டிக்கொண்டார். அப்படியும் அவர் சோதனையின் விலையில் ஒரு பங்கை, அவரை விட்டுப் பிரிந்துபோகிற அளவுக்கு, மனைவியும் தாயும் கொடுத்தார்கள். எங்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது. தோற்றாலும் திங்கட்கிழமை கம்பெனி பஸ் வரும். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதும் அல்ல. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நின்றது. உலகம் வேறு போனுக்கு மாறியது, கம்பெனி கைமாறியது, வரி வழக்கு என்று காரணங்கள் இருந்தன. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களுக்கோ, “மீதி நாளு?” என்ற கேள்விதான் இருந்தது. எங்கள் அளவு சின்னது. கேள்வி அதேதான்.

நாங்கள் கம்பெனியை மூடிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை நோட்டை அக்காவிடமே கொடுத்தோம், இருபது ரூபாய் அட்வான்ஸ் முறையோடு சேர்த்து. அவர் இட்லிக் கடையை மறுபடி போட்டார். பழைய வாடிக்கையில் பாதிதான் திரும்பி வந்தது. ஞாயிறு மட்டும் கோழிக்குழம்பு. முப்பது சாப்பாடு போகும், மழை பெய்தால் இருபது. பெரிய வெற்றியெல்லாம் இல்லை. அந்த அண்டா அதற்கு ரொம்பப் பெரிது. எடைக்குப் போட்டால் பாதிகூட வராது என்று மூலையில் வைத்திருக்கிறார்.

அண்டா, அடுப்புக் காசை நாங்கள் மூவரும் தவணையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னோம். மற்ற இருவரும் ஊர் மாறிப் போனபிறகு அது என் கணக்காயிற்று. போன மாதம் கொடுக்கப் போனபோது, “போதும் விடு தம்பி” என்றார்.

அது மரியாதைக்குச் சொன்னது. இன்னும் 1,800 ரூபாய் பாக்கி இருக்கிறது.