போலி என்றேன்

என் மாணவன் நம்பிக் கொடுத்த அரிக்கமேட்டு மணிகளை நான்தான் கெடுத்தேன். கெடுத்ததைவிடப் பெரிய தப்பு, அதை மறைக்க அவனைப் பொய்யனாக்கியது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார் நான். அரிக்கமேடு என்றாலே எனக்குத் தலைக்கனம். 1945-இல் வீலர் தோண்டியது, அடுத்து கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். பழங்காலத்தில் கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழலாக இழுத்து, நறுக்கி மணி செய்த ஊர் அது. கண்ணாடி எதனால் கெடும் என்று மட்டும் ஒருநாளும் படித்ததில்லை.

அந்த மாணவனின் மாமா வீடு அரிக்கமேட்டை ஒட்டிய அரியாங்குப்பத்தில். மழை விட்டதும் மண்ணில் பொறுக்கினானாம். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான். செங்கல் சிவப்பு, நீலம்; கடுகைவிடச் சற்றே பெரியவை. “மியூசியத்துல குடுத்துடலாமா சார்?” என்றான். “என்கிட்ட பத்திரமா இருக்கும்” என்றேன். பள்ளிக் கண்காட்சியில் என் பெயரோடு வைக்க ஆசை.

பளபளப்பு போதவில்லை எனக்கு. சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தேன். துவட்டாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுக்க அப்படியே கிடந்தது. தை பிறந்ததும் எடுத்து மொட்டைமாடி வெயிலில் கொட்டினேன்.

நீல மணிகளில் வெள்ளை பூத்திருந்தது. தொட்டதும் மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. ஒன்று இரண்டாக விண்டது.

அப்புறம்தான் புத்தகத்தைத் தேடினேன். மணலோடு சோடாவோ பொட்டாஷோ சேர்த்து உருக்கியதுதான் பழங்கண்ணாடி. ஈரம் அந்தக் காரத்தை மெல்ல வெளியே இழுக்கும். இழுத்த காரநீர் மேலேயே தங்கினால் மிச்சமிருக்கும் மணற்கட்டையும் அரிக்கும். நான் வெளியிலிருந்தும் காரத்தை ஊற்றி, மூடி வேறு போட்டேன். நீர் ஏறிய மேல்தோல் சட்டென்று காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த வெயிலையும் நானே காட்டினேன். மண்ணுக்குள் பல நூற்றாண்டு தாங்கியது என்னிடம் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. உதிர்ந்த மேல்தோல் இனித் திரும்பாது.

“கண்காட்சியில வைக்கலையா சார்?” என்று வகுப்பில் கேட்டான். பயந்துவிட்டேன். “அது போலிடா. திருவிழாக் கடையில விக்கிற பாசி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தன் வீட்டில் வைத்திருந்த மிச்ச மணிகளை அவன் அன்று மாலையே ஏரியில் வீசிவிட்டான். அதன்பின் என் வகுப்பில் அவன் கை தூக்கவில்லை.

பிற்பாடு அவனைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். “சரி சார்” என்றான், அவ்வளவுதான். பொய்யை வகுப்பே கேட்டது. உண்மையை அவன் ஒருவன்தான் கேட்டான். வகுப்பின் முன் நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் தேறிப் போய்விட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை இன்றும் அவன்தான் போலி மணி கொண்டுவந்தவன்.