கதை கேட்கும் கேள்வி



தீர்க்கதரிசியாகிய நாத்தான் அரண்மனைக்குச் சென்ற நாளைச் சற்று நிதானித்துப் பாருங்கள். உரியா யுத்தகளத்தில் மடிந்து மாதங்கள் பல கடந்துவிட்டன. பத்சேபாள் அரசனின் மனைவியாகி, பிள்ளையும் பிறந்துவிட்டது. அத்தனை காலமும் தாவீது நியாயப்பிரமாணத்தை அறியாதவனாகவா இருந்தான்? விபசாரமும் கொலையும் பாவம் என்று அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அறிந்திருந்தான், அறிந்தும் அசையவில்லை.

நாத்தான் அவனிடம் கட்டளையை எடுத்துரைத்துத் தொடங்கவில்லை. ஓர் ஏழையின் வீட்டைக் காட்டினான். அங்கே ஒரே ஒரு பெண்ணாட்டுக்குட்டி. அவன் உண்பதில் அதற்கும் பங்குண்டு. உறங்குவதும் அவன் மடியில்தான். அவ்வீட்டுக்கு அது இன்னொரு மகள். ஆடு மேய்த்து வளர்ந்த தாவீதுக்கு அந்தக் குட்டியின் உடற்சூடு கையிலேயே தெரிந்திருக்கும். அதே பட்டணத்துச் செல்வந்தன் ஒருவன், தனக்குத் திரளான மந்தை இருந்தும், விருந்தாளிக்காக அதைப் பிடித்துச் சமைத்தான் என்று கேட்டவுடன் அரசனுக்குக் கோபம் மூண்டது. அவன் மரணத்துக்குப் பாத்திரன் என்று தீர்ப்பளித்தான். அத்தீர்ப்பு யாருக்குரியது என்பதைச் சொல்ல நாத்தானுக்கு எபிரெயத்தில் இரண்டே சொற்கள் போதுமாயிருந்தன.

கேட்கிறவனே நியாயாசனத்தில் அமர்ந்துவிடுகிறான். கதையின் பலம் இங்கேதான் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். பாடத்துக்குச் சுவையூட்டும் சர்க்கரைப்பாகு என்று அதை நினைப்பவர்கள் அதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

நம் ஆண்டவரும் இவ்விதமே செய்தார். பிறன் யார் என்பதற்கு விளக்கம் கேட்டு வந்த நியாயசாஸ்திரிக்கு அவர் விளக்கம் கொடுக்கவில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறங்கிச் செல்லும் அந்த ஆபத்தான வழிக்கு அவனை அழைத்துச் சென்றார். முடிவில் கேள்வியை அவனிடமே திருப்பினார். அவனும் சரியாகவே விடை சொன்னான். ஆனால் ‘சமாரியன்’ என்ற பெயரைச் சொல்லாமல், இரக்கம் காட்டியவன் என்று மட்டும் சொன்னான். அந்தப் பெயர் அவன் நாவில் ஏறவில்லை போலும்!

நாமோ கதையைச் சொல்லி முடிப்பதற்குள் நீதியை எழுதிவிடுகிறோம். தானியேலா? தைரியம். சாமுவேலா? கீழ்ப்படிதல். பிள்ளைகளும் அச்சொல்லை ஒப்பித்துவிட்டு வர்ணப் பென்சில்களைத் தேடுகிறார்கள்.

முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சபையின் ஞாயிறு பள்ளியில் மோரியா மலை நிகழ்ச்சியைப் பாடமாக நடத்தினார்கள். ஆசிரியை முடித்தபின் ஒரு சிறுவன் எழுந்து, “மலையிலிருந்து இறங்கி வரும்போது ஈசாக்கு அப்பாவோடு பேசினானா?” என்று கேட்டான். வேதத்தைத் திறந்து பார்த்தோம். ஆபிரகாம் வேலைக்காரரிடத்தில் திரும்பி வந்ததாகவே ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அவ்விடத்தில் ஈசாக்கின் பெயர் இல்லை. பிள்ளைகள் அமைதியானார்கள். அச்சிறுவனின் வீட்டில் தகப்பனுக்கும் மூத்த மகனுக்கும் அந்நாட்களில் பேச்சு நின்றிருந்ததை நான் அறிந்திருந்தேன். விசுவாசத்தைக் குறித்த நல்ல பாடம் ஒன்று ஆயத்தமாக இருந்தது. அவன் அதைக் கேட்க வரவில்லை. அவனுக்கு வேண்டிய இடத்தை அந்தக் கதை வைத்திருந்தது. அன்று எவரும் அவனுக்கு அவசரமாக விடை சொல்லவில்லை என்பதற்காக இன்றும் ஸ்தோத்திரம் செய்கிறேன்.

பெற்றோரே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. இந்தக் கட்டளைகள் எதற்கு என்று மகன் கேட்கும்போது தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்பதை உபாகமம் 6-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. அவன் எகிப்தில் அடிமைகளாயிருந்த நாட்களிலிருந்து தொடங்க வேண்டும்; காரணங்களின் பட்டியல் அங்கே முதலில் வருவதில்லை. யூதர்களின் வீடுகளில் பஸ்கா இரவில் வழக்கமாக இளைய பிள்ளையே கேள்வி கேட்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் குடும்பம் கடந்துவந்த வறுமை தெரியுமா? பள்ளிக் கட்டணம் கட்ட எந்த நகை அடகுக்குப் போனது, யார் கைகொடுத்தார் என்பதை அவர்கள் கேட்டதுண்டா? “சிக்கனமாயிரு” என்று நூறு முறை கேட்டிருப்பார்கள். அந்த நகையைப் பற்றி ஒருமுறையேனும் சொல்லுங்கள்.

தஞ்சையின் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதை நன்கு உணர்ந்தவர். ஜனங்கள் ஏற்கெனவே விரும்பிக் கேட்ட குறவஞ்சியையும் கதாகாலட்சேபத்தையும் எடுத்துச் சுவிசேஷத்தை அவற்றில் பாடினார்.

வருகிற ஞாயிறு பள்ளியில் யோனாவின் கதை. வழக்கமாக மீன் அவனைக் கரையில் கக்கியதும், அல்லது நினிவே மனந்திரும்பியதும், நாம் முடித்துவிடுவோம். இம்முறை நான்காம் அதிகாரத்தையும் சொல்லும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேவன் இரங்கியதற்காகக் கோபித்துக்கொண்டு பட்டணத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான் யோனா. நிழல் தந்த செடி வாடிப்போனது. 1,20,000-க்கும் மேற்பட்ட மனிதரும் திரளான மிருகஜீவன்களும் இருக்கிற அந்த நகரத்துக்காகத் தாம் பரிதபிக்கலாகாதா என்று தேவன் கேட்கிறார். புத்தகம் அங்கே முடிந்துவிடுகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. உங்கள் பிள்ளைகள் வீடு திரும்பியதும் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.