வானிற் குதிப்பவரின் உடுப்பு

1912ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆம் திகதி காலை, பரிஸ் மாநகரத்து ஈபெல் கோபுரத்தின் முதல் மேடையில் ஒரு தையற்காரர் ஏறி நின்றார். ரைக்கெல்ட் என்பது அவர் பெயர். அவர் அணிந்திருந்த அங்கி அவர் தாமே தைத்தது. கைகளை விரித்தால் அந்த அங்கியே வான்குடையாகித் தம்மை மெல்ல நிலத்திற் சேர்க்குமென்பது அவர் நம்பிக்கை. பொம்மையொன்றை வீழ்த்திப் பரீட்சிப்பதாகச் சொல்லி அதிகாரிகளிடம் அனுமதி பெற்றிருந்தவர், கடைசி வேளையில் தாமே குதிக்கப்போவதாகக் கூறினார். நண்பர்கள் தடுத்தும் கேட்டாரல்லர். மேடையின் உயரம் 57 மீற்றர். அங்கி விரியவில்லை. அங்கு நின்றோர் பிடித்த சலனப்படம் இன்றும் இருக்கின்றது. நாம் அதனை ஒருமுறை பார்த்தோம். விழுந்ததைக் காட்டிலும், விழுமுன் விளிம்பிலே அவர் தயங்கி நின்ற அந்தச் சில கணங்களே நம் நெஞ்சை வருத்தின. இரண்டாம் முறை பார்க்க மனம் இடந்தரவில்லை.

உடுப்பு வேறு, உயிரைத் தாங்கும் வான்குடை வேறு என்னும் தெளிவு பின்னரே வந்தது. பரசூட் எனப்படும் வான்குடை இன்று முதுகுப் பொதியினுள் மடிந்து கிடக்கின்றது. ஒன்று பழுதானால் மற்றொன்று என, ஒரே பொதியில் இரண்டு. உடுப்போ உடலுக்கு மட்டும். ஆயினும் அவ்வுடுப்பும் அதனோடு சேர்ந்த சிறு சாமான்களும் வான்குடையின் வழியிற் குறுக்கிடாமலிருக்க வேண்டுமே என்னும் கவலை தீர்ந்தபாடில்லை.

இக்கவலை நம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. அமெரிக்காவிற் படிக்கும் நம் மருமகன், தமக்கையாரின் ஒரே புதல்வன், விமானத்திலிருந்து குதிக்கும் பயிற்சியிற் சேர்ந்துவிட்டான். தாயாருக்குச் செய்தி தெரிந்தது அவன் அனுப்பிய படத்தினாலேதான். கட்டிலின்மீது கடை பரப்பியதுபோல ஒரு சிவப்பு உடுப்பு, தலைக்கவசம், கண்காப்பு, கையுறை, மணிக்கூடு போன்ற ஒரு கருவி, தீப்பெட்டியளவில் ஒரு கமரா. "தம்பி, உதெல்லாம் போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் வராதோ?" என்று தமக்கையார் கேட்டார். வேண்டாமென்று மறிப்பதற்கு அவன் சிறுபிள்ளையல்லன். ஒன்றும் வராதென்று சொல்வதற்கோ நமக்கு வாய் வரவில்லை. ஆகவே அப்படத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் எதற்கென்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

நாலாயிரம் மீற்றர் உயரத்திற் குதிப்பவன், வயிறு நிலத்தை நோக்க, மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வேகத்தில் வீழ்கின்றான். ஒரு நிமிடத்தில் வான்குடையை விரிக்கவேண்டிய உயரத்துக்கு வந்துவிடுவான். இவ்வேகத்தைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் வல்லது அவன் உடுப்பு. பலர் வானிலே கைகோத்துக் கோலமிடும்போது பருத்தவன் முந்திக் கீழே போய்விடுவான். மெலிந்தவன் மேலே தங்கிவிடுவான். ஆதலாற் பருத்தவனுக்குக் காற்றைப் பிடிக்கும் தொளதொளத்த பருத்தியுடை. மெலிந்தவனுக்கு வழுவழுத்த நைலோனில் இறுக்கமான உடை. அதுவும் போதாவிடின் மெலிந்தவன் ஈயக் குண்டுகள் வைத்த கச்சையையும் கட்டிக்கொள்கின்றான். கலியாணத்துக்குத் தைக்கும் காற்சட்டைக்குக்கூட நம்மூர்த் தையற்காரர் இத்தனை கணக்குப் பார்ப்பாரோ என்பது ஐயமே.

உடுப்பினால் வரும் ஆபத்துப் பெரும்பாலும் மறைப்பினால் வருவது. குதிப்பவன் உயிர் மூன்று பிடிகளில் இருக்கின்றது. முதலாம் வான்குடையை விரிக்கும் பிடி பொதியின் அடியிலே, வலப்பக்கத்துப் பின்புறத்தில் உள்ளது. அதைக் கண்ணாற் காண இயலாது. கையால் தடவியே பற்றவேண்டும். பழுதான வான்குடையைக் கழற்றிவிடும் பிடி மார்பின் வலப்புறத்தில். இரண்டாம் வான்குடையை விரிக்கும் பிடி இடப்புறத்தில். குளிருக்கென்று மேலே போட்ட தளர்ந்த சட்டையின் ஓரம் காற்றிற் கிளம்பி இவற்றுளொன்றை மூடிவிட்டால் என் செய்வது? வீழ்கின்றவன் ஆயிரம் அடியைக் கடப்பதற்கு ஐந்தரைச் செக்கன்களே செல்லும். துணியைப் பற்றுவதும் விடுவதுமாக அவன் தடுமாறும் அவ்வளவில், பதினைந்து பனைகளை ஒன்றன்மேலொன்றாய் நிறுத்திய உயரம் கழிந்துவிடும். இதனாலேதான் புதிதாக ஓர் உடுப்போ கையுறையோ வாங்கியவனைப் பொதியோடு நிலத்திலே நிற்கவைத்து, பார்க்காமலே மூன்று பிடிகளையும் திரும்பத் திரும்பத் தொடச் சொல்லுகின்றார்கள். விரல்கள் பழைய உடுப்பிற் கற்ற பாதை புதிய உடுப்பில் மாறியிருக்கக்கூடும்.

சிறு பொருள்களிலும் இதே கதைதான். சப்பாத்தின் நாடாவைக் கோக்கும் கொக்கிகள் திறந்திருந்தால் வான்குடையின் கயிறு அவற்றிற் சிக்கக்கூடும். ஆதலாற் கொக்கியில்லாத சப்பாத்தே நன்று. ஆனால் வெறுங்காலும் செருப்பும் ஆகா. 1919ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆம் திகதி அமெரிக்காவின் ஒகாயோ மாகாணத்தில், தானே கயிற்றையிழுத்து வான்குடையை விரித்துக் குதித்துக் காட்டிய லெஸ்லி ஏர்வின், வானிலே எல்லாம் செவ்வையாய் முடிந்தும், நிலத்தில் இறங்குகையிற் கணுக்கால் முறிந்தார். மோதிரமும் சங்கிலியும் கழற்றப்படும். நீண்ட கூந்தல் முடிந்து உடுப்பினுள் செருகப்படும். மூக்குக்கண்ணாடி அணிவோர் அதற்குமேற் பெரிய கண்காப்பைப் போட்டுக்கொள்வர். தலைக்கவசத்தை விமானம் கிளம்புமுன்னரே பூட்டிக்கொள்ளவேண்டும். மடியில் வைத்த கவசம், விமானம் அதிர்ந்தால் அயலிலிருப்பவன் தலையைப் பதம்பார்த்துவிடும்.

இனி அந்தத் தீப்பெட்டிக் கமரா. எல்லாவற்றினும் சிறிதாய், எல்லாவற்றினும் அழகாய் இருந்த அதையே நாம் அதிகம் வெறுத்தோம். தலைக்கவசத்திற் பூட்டிய கமரா விரிகின்ற கயிற்றுக்கு ஒரு கொம்பு. கயிறு அதிற் கொளுவினால் இழுபடுவது கழுத்து. ஆகையாற் கமராவைச் சுற்றி இடுக்கில்லாமல் வழுவழுப்பாக அமைப்பதும், ஒரே இழுப்பிற் கழன்றுபோகும் நாடிவார் வைப்பதும், கயிறறுக்கும் கொக்கிக் கத்தியைக் கையெட்டுமிடத்தில் வைப்பதும் வழக்கம். கயிற்றினும் கொடியது கவனச் சிதறல். படம் பிடிப்பவன் கண் பிறன்மேல் இருக்கும். தன் உயரத்தை மறப்பான். ஐக்கிய அமெரிக்க வான்குடைச் சங்கம் இருநூறு முறையேனும் குதித்தவரே கமரா கொண்டுசெல்லலாமென்று அறிவுறுத்துகின்றது. 1988ஆம் ஆண்டு வட கரோலினாவிலே, எண்ணூறு முறைக்குமேற் குதித்துத் தேர்ந்த ஒருவர், மாணவனொருவனைப் படம் பிடிக்கும் ஆயத்தத்தில் ஈடுபட்டு, வான்குடையை அணியாமலே விமானத்தினின்றும் குதித்துவிட்டார். உடம்பிற் கட்டியிருந்த கமராச் சாதனங்களின் பாரத்தையே வான்குடையின் பாரமென எண்ணியிருக்கலாமென்பது பலர் கருத்து. இதனை வாசித்த அன்று நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

மணிக்கூடு போன்ற கருவி உயரமானி. காற்றின் அமுக்கத்தைக்கொண்டு உயரத்தைக் காட்டும். குதிக்கும் முன்னர் நிலத்திலே முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தவேண்டும். குறித்த உயரத்திற் காதினுள் கூவும் சிறு கருவியுமுண்டு. அது துணைக்கு மட்டுமே, அதன் கூவலுக்காகக் காத்திருத்தல் தகாது. படத்திற் காணாத வேறொன்று பொதியினுள்ளே இருந்தது. 1991இல் ஜேர்மனியில் வெளிவந்த சைப்பிரஸ் என்னும் தானியங்கிக் கருவியைப் போன்றது அது. குதிப்பவன் மயங்கிக் கிடந்தாலும், ஏறத்தாழ 225 மீற்றர் உயரத்தில் இன்னும் வேகமாகவே வீழ்கின்றானென்று கண்டால், இரண்டாம் வான்குடையின் கட்டைத் தானே அறுத்துவிடும். அதற்குப்பின் நிலத்துக்கு நான்கு செக்கன்களே! இத்தகைய ஏற்பாட்டின் பெருமையை அறிய அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த ஜோசப் கிற்றிங்கரின் வரலாறு போதும். 1959 நவம்பரில் அவர் பலூனிலிருந்து குதித்தபோது, சுழலாமற் காப்பதற்கென்று வைத்த சிறு வான்குடையே முந்தி விரிந்து அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நினைவிழந்து பம்பரமாய்ச் சுழன்றவரைக் காத்தது தானாக விரிந்த வான்குடை.

அதே கிற்றிங்கர் 1960ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி 31 கிலோமீற்றர் உயரத்துக்கு மீண்டும் ஏறினார். ஏறும் வழியிலே வலக்கையுறையில் அமுக்கம் நிற்கவில்லையென்று கண்டார். சொன்னால் இறங்கச் சொல்லிவிடுவார்களென்று நெடுநேரம் சொல்லாமலிருந்தார். கை இருமடங்காக வீங்கிப் பயனற்றுப் போயிற்று. ஆயினும் குதித்தார், பிழைத்தார், மூன்று மணி நேரத்திற் கையும் பழையபடியாயிற்று. நம் மருமகனின் கையுறை அத்தனை பெரிய அலுவலுக்கானதன்று. நாலாயிரம் மீற்றர் உயரத்திற் குளிர் நிலத்தைவிட இருபத்தைந்து பாகைக்குமேல் மிகும். விரல் விறைத்தால் பிடி தெரியாது. தடித்த கையுறையாலும் பிடி தெரியாது. மெல்லியதாய், வெம்மை காப்பதாய் ஒன்று வேண்டும்.

சிறகு வைத்த உடுப்பைப்பற்றிக் கேட்க நம் தமக்கையார் இன்னும் அறியார், நாமும் சொல்லவில்லை. கிளெம் சோன் 1937இல் பரிஸ் அயலிலுள்ள வன்சேனிலும், லெயோ வலந்தென் 1956இல் லிவர்ப்பூலிலும், கூடிநின்ற மக்கள் காணச் சிறகோடு வீழ்ந்து மடிந்தார்கள். இக்காலச் சிறகுடையை உருவாக்கிய பற்றிக் டி கையார்டொன் 1998இல் ஹவாயில் இறந்ததற்கு, பொதியில் அவர் தாமே செய்த ஒரு மாற்றம் காரணமாயிற்று. தைக்கத் தெரிந்தவருக்கும் பொதியைத் தொடுதல் ஆபத்தென்றால், உரிமம் பெற்ற கைவினைஞரைத் தவிர வேறெவரும் அதைத் தைக்கவோ வெட்டவோ கூடாதென்பது எவ்வளவு நியாயம்!

படித்தவற்றையெல்லாம் மருமகனுக்கு எழுதினோம். "மாமா, நீங்கள் எத்தனை தரம் குதித்தனீங்கள்?" என்று பரிகாசமாக மறுமொழி வந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து வந்த படத்தில் கொக்கிச் சப்பாத்து இல்லை. கமராவைப்பற்றிக் கேட்டோம். அதை முதல்நாளே பயிற்சியாசிரியர் வாங்கிப் பார்த்துவிட்டு, இருநூறு ஆனபின் கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இதுவரை அவன் குதித்தது முப்பத்தொரு முறை. கணக்கைத் தமக்கையார் சுவரிலே மாட்டிய நாட்காட்டியிற் குறித்து வருகின்றார்.