மதியத்தோடு முடியும் நூடுல்ஸ்

லான்ஜோவில் நூடுல்ஸ் காலைச் சாப்பாடு. மஞ்சள் நதிக் கரையிலுள்ள இந்தக் கன்சு மாகாணத் தலைநகரில் பேர்போன கடைகள் பலவும் பிற்பகலிலேயே அடுப்பை அணைத்துவிடும். பயணிகள் சீக்கிரம் எழுவது நல்லது.

1915-ல் மா பாவோஸி என்ற ஹுய் முஸ்லிம் இந்த மாட்டிறைச்சி சூப் நூடுல்ஸை விற்கத் தொடங்கினார் என்பது ஊர் வழக்கு. தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ்: ஐந்தில் ஒன்று பிசகினாலும் உள்ளூர்க்காரர் முகம் சுளிப்பார். மாவு அறுபடாமல் இழுபட, வறண்ட நிலச் செடி ஒன்றின் சாம்பலைக் கலப்பது பழைய முறை. சீட்டு வாங்கி, சமையலறை ஜன்னலில் அளவைச் சொன்னால் கண்ணெதிரிலேயே இழுத்துத் தருவார்கள். மயிரிழை முதல் பெல்ட் அகலம் வரை உண்டு. புதியவர்களுக்கு நடுத்தரம் போதும். மயிரிழை சூப்பில் சீக்கிரம் குழைந்துவிடுகிறது.

1954-ல் தொடங்கிய மா ஸிலு கடை 2017-ல் டோக்கியோவுக்கே போய்விட்டது. ஆனால் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் தன் தெருக்கடையைத்தான் சொல்வார். அதையே நம்பலாம்.

விலை இங்கே அரசியல். 2007-ல் கிண்ணத்துக்கு அரை யுவான் ஏறியதும் நகர நிர்வாகம் தலையிட்டு, சாதாரணக் கடைகளில் பெரிய கிண்ணம் 2.5 யுவானைத் தாண்டக் கூடாது என்றது. மற்ற சீன நகரங்களில் 'லான்ஜோ' பலகை மாட்டியிருப்பவர்களோ பெரும்பாலும் பக்கத்து சிங்ஹாய் மாகாணத்தார். அது லான்ஜோக்காரர்களுக்குத் தீராத எரிச்சல்.

மாட்டிறைச்சி ஆகாதவர்கள் சூப்பைத் தொட முடியாது. அவர்களுக்கு வினிகரும் மிளகாய் எண்ணெயும் ஊற்றிய குளிர்ந்த கோதுமைப் பட்டை, நியாங்பி இருக்கிறது. பிறகு பட்டாணியும் சீன இலந்தையும் குழைய வேகவைத்த இனிப்புக் கஞ்சி.