மயில்கழுத்துப் பட்டு உடுத்திய புறா

நீலகிரிக்குப் போகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள்? வர்க்கி, தைலம், தேயிலை. என்ன பார்த்து வருவார்கள்? ஏரி, பூங்கா, தொட்டபெட்டா. நானும் அப்படித்தான் கிளம்பினேன். திரும்பும்போதோ ஒரு புறாவை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கோத்தகிரியில் நான் தங்கிய வீட்டு அம்மாளுக்குப் புறா என்றால் உயிர். கொல்லைப்புறக் கூண்டில் நான்கு ஜோடி லக்காப் புறாக்கள்! வெள்ளை வெளேரென்ற உடம்பு. வாலை விசிறி போல விரித்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, மேடையேறிய நாட்டியப் பெண் மாதிரி அடி எடுத்து வைக்கின்றன. சாதாரணப் புறாவுக்கு வால் இறகு 12தான். லக்காவுக்கு 30, 40 கூட உண்டு.

இந்த அழகெல்லாம் மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, ஜோடி சேர்த்து உண்டாக்கியது. அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் 20,000க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்கிறது 'அயினி அக்பரி'. விஞ்ஞானி டார்வினும் புறா வளர்த்தவர். லக்கா உள்பட எல்லா வளர்ப்புப் புறாக்களும் நம் கோயில் கோபுரங்களில் குடியிருக்கும் மாடப்புறாவின் வமிசமே என்று 1859ல் அவர் எழுதினார்.

நான் வியந்து நிற்பதைப் பார்த்து அம்மாள் சிரித்தார். "இதற்கே இப்படிச் சொக்கிப் போகிறீர்களே, தம்பி! யாரும் ஜோடனை செய்யாத புறா ஒன்று சோலையில் இருக்கிறது. விடிந்ததும் காட்டுகிறேன்" என்றார்.

சொன்னபடியே மறுநாள் காலை பனியில் என்னை லாங்வுட் சோலைக்கு அழைத்துப் போனார். ஊரை ஒட்டிய 116 ஹெக்டேர் காடு அது. 2024ல் ராம்சார் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. உள்ளே நுழைந்தால் பாசி படர்ந்த மரங்கள், ஈர மண் வாசனை, ஒரே நிசப்தம். திடீரென்று உச்சிக் கிளையிலிருந்து, 'ஹூ... ஹூ ஹூ ஹூ' என்று கனத்த குரல்!

அதுதான் நீலகிரிக் காட்டுப்புறா. முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது; இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மாடப்புறாவைவிடப் பெரிது; ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம். சாம்பல் நிற உடம்பு, சிவந்த அலகு. பிடரியிலே கறுப்பும் வெள்ளையுமாகச் செட்டிநாட்டுச் சேலை போலக் கட்டம்! அதற்குக் கீழே அரக்கு நிறம். வெயில் பட்டால் அதில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னுகின்றன. மயில்கழுத்துப் பட்டு என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதேதான்! அந்த மினுக்கம் இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் விளையாடுவதால் வருகிறது. சாயம் போகுமோ என்ற கவலையே இல்லை.

புறாக் குடும்பத்தில் இன்னொரு விசேஷம். தாய் மட்டுமல்ல, தகப்பனும் தன் தொண்டைப் பையில் ஊறும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் கவனிக்க!

ஆனால் லக்கா இரண்டு முட்டை இடும். காட்டுப்புறா சுள்ளிக் கூட்டில் இடுவதோ ஒன்றே ஒன்று. அதற்கு ஆகாரம் சோலை மரங்களின் பழங்கள். சில பழங்களை முழுசாக விழுங்கி, கொட்டையை வேறோர் இடத்தில் போட்டுவிடும். அங்கே புதுக் கன்று முளைக்கும். கடந்த இருநூறு ஆண்டுகளில் தேயிலையும் தைல மரமும் சோலைகளை எவ்வளவோ விழுங்கிவிட்டன. தேயிலைச் செடியில் புறாவுக்குப் பழம் ஏது?

"ஒன்று பிடித்து வளர்த்தால் என்ன?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அம்மாளின் முகம் மாறிவிட்டது.

"1972லேயே சட்டம் வந்துவிட்டது, தம்பி, காட்டுப் பறவையைக் கூண்டில் அடைக்கக் கூடாது. சட்டம் கிடக்கட்டும். என் லக்கா பறந்துபோனால் வேறு ஜோடி வாங்கிக்கொள்வேன். இது போய்விட்டால் எந்தக் கடையில் போய்க் கேட்பது?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த விடுமுறைக்குக் கோத்தகிரிப் பக்கம் போகிறீர்களா? குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் சோலைப் பக்கம் போய்ப் பாருங்கள். பேச்சைக் குறைத்து, வர்க்கி சுற்றிய காகிதத்தைக் கீழே போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கட்டம் போட்ட அந்தக் கழுத்து உங்கள் பக்கமும் திரும்பும்!