கட்டுத்தரைச் சத்தம்

அப்பா கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது வீட்டில் நான்கு மாடுகள். அதில் மயிலை நிறைசினை. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவர் முதலில் கேட்டது, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்பதுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி. குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். ஈரோட்டிலிருந்து அக்கா வந்து பத்து நாள் பார்த்துக்கொண்டாள். அவள் பிள்ளைக்குப் பரீட்சை தொடங்கியதும் என் முறை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து காங்கயம் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

சாணி வழிப்பதும் சோளத்தட்டு போடுவதும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிட்டன. வெயில் ஏறுமுன் மாடுகளைக் கொரங்காட்டில் விட்டுவிட வேண்டும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். புல் காய்ந்துபோன மாதங்களில் அந்த மரத்துக் காய்கள்தான் மாட்டுக்குத் துணை. சிறுவயதில் தினமும் பார்த்த காடு. எவ்வளவு யோசித்து ஆக்கி வைத்தது என்பது வேலிப்படலைத் திறந்து மூடிய அந்த நாட்களில்தான் உறைத்தது.

அப்பாவின் கட்டில் ஆசாரத்தில் கிடந்தது. அங்கிருந்து கட்டுத்தரை தெரியாது, கேட்கும். ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரம், "மயிலை கால மாத்தி மாத்தி நிக்கறா கண்ணு. இன்னைக்கு ராத்திரி தூங்கிறாத" என்றார். இரண்டு மணிக்குக் கிடாரிக்கன்று விழுந்தது. சாணிப் பிள்ளையார் போல ஈரமாக, செக்கச் செவேலென்று. நஞ்சுக்கொடி விழும்வரை மாடு அதைத் தின்றுவிடாமல் காவல் இருக்க வேண்டும். "கொடி உழுந்திருச்சா?" என்று அரைமணிக்கொரு தரம் உள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. விடியும்போது விழுந்தது. சாக்கில் கட்டிக்கொண்டு போய் ஆலமரத்துக் கிளையில் தொங்கவிட்டு வந்து சொன்ன பிறகுதான் அவர் காப்பி குடித்தார்.

பால் கறப்பதில்தான் தோற்றேன். கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்துக் கட்டிவிட்டு உட்காருவேன். என் கை பட்டதும் மயிலை பாலை அடக்கிக்கொள்ளும். மிரண்ட மாடு பால் இறக்காது. மூன்றாம் நாள் அப்பா தன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். துவைக்காதது. அந்த வாசத்தில் மயிலை காதைத் தளர்த்தியது. வெறுஞ்செம்பில் பால் பீய்ச்சுகிற சத்தம் கூர்மையாக இருக்கும். நுரை கட்டக் கட்ட அமுங்கும். "பின்காம்ப விட்டுட்டயே" என்று உள்ளிருந்து சொல்வார். செம்பின் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது.

உறவுக்காரர் ஒருவர் பார்க்க வந்தபோது, மாடுகளைக் கொடுத்துவிடலாமே என்றார். காங்கயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் பாலுக்காக யாரும் வளர்ப்பதில்லை. கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நானும் அப்பா காதுபடவே ஆமாம் என்றேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஆமாம் இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. பெற்றவர்களின் பாரத்தை இறக்கிவைக்கத்தான் வருகிறோம். வந்த வேகத்தில், அவர்கள் பிடித்து எழுவதற்கென்று வைத்திருந்த ஊன்றுகோலையும் பிடுங்கிவிடுகிறோம். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது. மறுநாள் முதல் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து அவரிடமே கேட்டேன். தவிடு எத்தனை படி, கன்றுக்கு எத்தனை காம்பு விடுவது, எந்த மாட்டை எதன் பக்கத்தில் கட்டுவது. ஒவ்வொன்றையும் எனக்கு நிதானமாகச் சொன்னார்.

மூன்றாம் மாதம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். நான்காம் மாதம் நான் கிளம்பினேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கறந்து கொடுக்கிறார். அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாராம்.

காங்கயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். போன வாரம் அப்பாவே போன் செய்தார். "கிடாரிக்கு மேலு வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. சனிக்கெழம வந்தயின்னா பாக்கலாம்" என்றார்.